குத்துக்கல் காடு, முப்பத்து நாலு ராடு

தாராபுரம் ரோட்டை விட்டு மேற்கே திரும்பி
கிளுவை வேலி இருபக்கமும் உரச
போர்வண்டி உள்ளே போனபோது பொழுது இறங்கிவிட்டது.
காட்டுக்காரர் ராக்கியண்ணன்
டார்ச்சை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார்:
"அக்கட்டால ஒடிங்க, அக்கட்டால.
கல்லு மேல வண்டி நெழலு விழப்படாது."
இருட்டில் ஏது நிழல் என்று நான் கேட்கவில்லை.
முன்பணம் இன்னும் கைக்கு வரவில்லை.

கல் நின்றது.
கொறங்காட்டின் நடுவில், கொழுக்கட்டைப் புல்லில்,
வெள்வேலமரத்தைவிட ஒரு முழம் உசரமாக,
கிழக்கே கொஞ்சம் சாய்ந்து,
யாரோ கூப்பிட்டுத் திரும்பப் போகிறவன் மாதிரி.
கை எட்டுமட்டும் மஞ்சள் பூசியிருந்தது.
அதற்கு மேலே காக்கை எச்சம்,
அதற்கும் மேலே வெறும் கல்.

உள்ளங்கைத் தேங்காய் நிமிர்ந்து நின்ற இடம்
கல்லுக்கு நாற்பதடி தெற்கே.
கம்ப்ரசர் கத்த ஆரம்பித்தது.
ஒரு ராடு இறங்கி அடுத்தது மாட்டுகிற இடைவெளியில்தான்
மனுசக் குரல் கேட்கும்.
கதை அந்த இடைவெளிகளில் வந்தது.

"முழங்கை உசரத்துக் குள்ள சனமுங்க.
நெருப்பு மழை வரப்போகுதுன்னு
பூமிக்குள்ள கல்லூடு கட்டிப் பூந்துட்டாங்க.
இது அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள்."
"மழை வந்துச்சா?"
"வந்துச்சுங்க.
தாப்பாளைத் தெறக்கத்தான் வெளிய ஆளில்லாமப் போச்சு."

அவர் சம்சாரம் அத்தாயிக்கு அதில் சம்மதமில்லை.
"பொழித் தகராறுங்க.
நீ ஒத்துக்கிற வரைக்கும் நகரமாட்டேன்னு
பங்காளி ஒருத்தன் நின்னான். நின்னுட்டான்."
சொல்லிவிட்டுக் கொழுந்தன் காட்டுப் பக்கம் பார்த்தாள்.
அங்கே ஒரு பல்பு எரிந்துகொண்டிருந்தது.

மாடு ஈன்றால் முதல் சீம்பால் கல்லுக்கு.
கட்டிக்கொடுத்த பெண் புருசன் ஊர் போகும்போது
கல்லைத் திரும்பிப் பார்க்கக் கூடாது.
வருசத்துக்கு ஒரு நெல்லளவு வளர்கிறதாம்.
"அளந்தீங்களா?"
"அளந்தா நின்னுருமுங்க."

மூன்று ராடு வரைக்கும் செம்மண்ணும் சுக்காங்கல்லும்.
ஒன்பதில் கருப்பு.
பதினேழில் ரோஸ் நிறத்தில் தூள் பறந்தது.
ஒரு பிடி அள்ளிப் போய்
டார்ச் வெளிச்சத்தில் கல்லோடு வைத்துப் பார்த்தேன்.
அதே நிறம், அதே மினுக்கு.
முந்நூத்து நாற்பதடி.
மேலே வந்த கல்லா, கீழே போகிற கல்லா?
யாரிடமும் சொல்லவில்லை. கையைத் தட்டிவிட்டேன்.

மூன்று மணி டீக்கு
சத்தீஸ்கர்ப் பையன் சோமாரு ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுக்
கல்லுக்குக் கிட்டே போனான்.
"அண்ணா, இது யார்?"
தமிழ் தப்பென்று நினைத்து
'என்ன'ன்னு கேக்கணும்டா என்றேன்.
தலையை ஆட்டினான்.
"எங்க ஊர்ல அப்பாவுக்கு நட்டோம். ரெண்டு வருசம்.
பதினாறு ஆள் தூக்கினோம்.
கல்லு வளர்ந்தா அப்பா நல்லா இருக்கார்.
சாஞ்சா, என்னமோ கேக்கறார்."
நிமிர்ந்து பார்த்தான்.
"இவர் என்ன கேக்கறார்?"
"தண்ணி" என்றேன், சும்மாதான்.
பாதி டீயை அடியில் ஊற்றினான்.

முப்பத்து நாலாவது ராடிலும் புழுதி.
"கல்லு குடுக்கலீங்க" என்றார் ராக்கியண்ணன்,
பிறகு கேசிங் பைப்புக்கு விலை குறைக்கச் சொல்லி
அரைமணி நேரம் பேசினார்.
விடிந்ததும் அத்தாயி கல்லடியில் டீக்கறையைப் பார்த்தாள்.
கழுவவில்லை.
சோமாரு தட்டில் மட்டும்
இன்னொரு கை சந்தகை போட்டாள்.

காங்கேயம் தாண்டி வரும்போது
அவன் அம்மாவுக்கு போன் போட்டிருந்தான்.
கல்லு நெல்லளவாவது வளர்ந்ததா, கேளுடா என்றேன்.
அவன் பாசையில் கேட்டான்.
ரொம்ப நேரம் அந்தப் பக்கம் பேச்சு.
"என்ன சொன்னாங்க?"
"கல்லு காதுல விழல அண்ணா.
நெல்லு மட்டும்தான் கேட்டிருக்கு.
இன்னும் நாத்து விடலையாம்.
மழை இல்லையாம்."